இடத்தின் ஓசை: இங்கிலாந்து நிலவெளியில் ஒலிக்கலை

ஒலிக்கலை என்ற பெயரில் இன்று பல வகைப் படைப்புகள் வழங்குகின்றன. பாட்டோ இசைக்கருவியோ இல்லாமல் ஓசையையே பொருளாகக் கொண்டு கலைக்கூடங்களில் அமைக்கப்படுபவை, வானொலிக்கென உருவாக்கப்படும் ஒலிச்சித்திரங்கள், வெட்டவெளியில் காற்றாலும் நீராலும் ஒலிக்கும் சிற்பங்கள், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு நடந்தபடி கேட்கும் உலாக்கள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றுள் ஒரு குறிப்பிட்ட ஊரை, கடற்கரையை, காட்டை அதன் ஓசைகளாலேயே கேட்பவர் மனத்தில் நிறுத்த முயலும் படைப்புகளுக்கு இங்கிலாந்தில் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு. தொடங்கியவர்கள் அதைக் கலை என்று நினைக்கவில்லை. பறவை ஆர்வமும் வானொலியின் புதுமையும் பொறியாளரின் சோதனையும்தான் அவர்களைத் தோட்டத்துக்கும் வயலுக்கும் இழுத்து வந்தன. கலை என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கிலாந்தின் நிலக்காட்சியை உலகுக்குக் காட்டியது ஓவியம். கான்ஸ்டபிள் தீட்டிய சஃபோக் ஆற்றங்கரைகளும் டர்னரின் புயற்கடலும் அந்த நாட்டின் நிலவெளி எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரியையே வகுத்துவிட்டன. ஓவியத்துக்குச் சட்டம் உண்டு. ஓவியர் வேண்டாததைச் சட்டத்துக்கு வெளியே விட்டுவிடலாம். ஒலிக்கு அந்த வசதி குறைவு. குன்றுக்கு அப்பாலுள்ள நெடுஞ்சாலை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காதுக்குத் தப்பாது. இன்னொரு வேறுபாடு இதைவிட அடிப்படையானது. ஓவியம் ஒரு கணத்தை நிறுத்திக் காட்டும். ஒலியோ நேரம் கழியாமல் இருக்கவே முடியாது. ஆகவே ஓர் இடத்தை ஒலியால் காட்ட முனைபவர் ‘எங்கே’ என்பதைச் சொல்வதற்கு முன் ‘எப்போது’ என்பதைச் சொல்லியாக வேண்டும்: எந்தப் பருவம், எந்தப் பொழுது, கடல் ஏறுகிறதா வற்றுகிறதா, காற்று எந்தத் திசை. இத்துறையின் படைப்புகளை எடைபோட இதைவிடப் பயனுள்ள அளவுகோல் வேறில்லை.

நாட்டின் இயல்பும் இதற்குத் துணை நிற்கிறது. கடலிலிருந்து மிகத் தொலைவான ஊராகச் சொல்லப்படும் டெர்பிஷயரின் கோட்டன் இன் தி எல்ம்ஸ் கூடக் கடற்கரையிலிருந்து சுமார் 113 கி.மீ. தூரத்தில்தான் உள்ளது. வானிலை ஒரே நாளில் பலமுறை மாறும். வேலியோரப் புதர்கள் பிரிக்கும் சிறு வயல்கள், ஊருக்கு ஊர் தேவாலய மணிக்கூண்டு, செம்மறி மேயும் ஈரப் புல்வெளிகள், இவற்றினூடே சாலைகள், இவற்றுக்கு மேலே விமானப் பாதைகள். மனிதக் கை படாத காடு என்று சொல்ல இங்கிலாந்தில் அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை. எனவே எந்திர ஓசையை அந்த நிலத்துக்கு அந்நியம் என்று ஒதுக்கிவிடுவது அவ்வளவு எளிதல்ல. இந்தச் சிக்கல் இத்துறையில் தொடக்கம் முதலே இருந்து வருகிறது.

1924 மே 19 இரவு, சர்ரே பகுதியில் ஆக்ஸ்டெட் அருகே தம் வீட்டுத் தோட்டத்தில் பியாட்ரிஸ் ஹாரிசன் செல்லோ வாசித்தார். புதரிலிருந்து நைட்டிங்கேல் பாட, இரண்டையும் பிபிசி வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. நிலையக் கட்டடத்துக்கு வெளியே ஒலிவாங்கியைக் கொண்டுபோய்ச் செய்த மிகத் தொடக்க கால ஒலிபரப்புகளில் அது ஒன்று. முதல் இரவில் பாடியது பறவைதானா, பறவைக் குரலில் பாடத் தெரிந்த மேடைக் கலைஞரா என்ற ஐயம் அண்மைக் காலத்தில் எழுப்பப்பட்டுள்ளது. அது எப்படியானாலும், வரவேற்பு பெரிதாக இருந்ததால் மே மாத ஒலிபரப்பு வழக்கமாகிவிட்டது. ஹாரிசன் அந்த வீட்டை விட்டுச் சென்ற பிறகும் பிபிசி அதே தோட்டத்துக்கு வந்து பறவையை மட்டும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.

பதினெட்டு ஆண்டு கழித்து, 1942-இல், அதே மே 19 இரவு ஒலிபரப்புக்கான ஏற்பாடுகள் நடந்தபோது வானில் இரைச்சல் எழுந்தது. ஜெர்மனியின் மன்ஹைம் நகரைத் தாக்கப் புறப்பட்ட 197 குண்டுவீச்சு விமானங்கள் தோட்டத்துக்கு மேலாகப் பறந்தன. ஒலிபரப்பினால் தாக்குதல் பற்றிய செய்தி எதிரிக்குப் போய்விடும் என்று உணர்ந்த பொறியாளர் நேரடி இணைப்பைத் துண்டித்தார். ஆனால் தட்டில் பதிவாவது நிற்கவில்லை. விமான இரைச்சல் மெல்ல ஏறி, தலைக்கு மேல் நிறைந்து, தணிகிறது. அதனூடே நைட்டிங்கேல் நிறுத்தாமல் பாடுகிறது. யாரும் திட்டமிடாத இந்தப் பதிவு, இங்கிலாந்தின் ஓர் இடத்தைப் பற்றிச் செய்யப்பட்ட ஒலிப்படைப்புகளுள் இன்றும் முதல் வரிசையில் நிற்கத் தக்கது. ஆக்ஸ்டெட், மே மாத இரவு, 1942 என்ற மூன்றும் விளக்கவுரை இல்லாமலே அதில் கேட்கின்றன. விமானத்தை நீக்கினால் எஞ்சுவது ஒரு பறவை. பறவையை நீக்கினால் எஞ்சுவது ஒரு போர். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தத் தோட்டம்.

பறவைக் குரலைப் பதிவதை ஒரு தொழிலாகவே ஆக்கியவர் லுட்விக் காக். 1881-இல் பிராங்க்பர்ட்டில் பிறந்த இவருக்குச் சிறு வயதில் தந்தை ஓர் எடிசன் ஃபோனோகிராஃப் வாங்கித் தந்தார். 1889-இல் மெழுகு உருளையில் சிறுவன் பதிந்தது கூண்டில் வளர்ந்த சாமா பறவையின் பாட்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வாழும் அதைத் தமிழில் சோலைபாடி என்கிறோம். பறவைக் குரல் பதிவுகளில் நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பழையது அதுவே. நாஜிகளின் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேற நேர்ந்த காக், 1936-இல் இங்கிலாந்து வந்து சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே பறவையியலாளர் ஈ. எம். நிக்கல்சனோடு சேர்ந்து ‘சாங்ஸ் ஆஃப் வைல்ட் பேர்ட்ஸ்’ என்ற ஒலிநூலை வெளியிட்டார். புத்தகமும் கிராமபோன் தட்டுகளும் ஒரே உறையில் வந்தன. அக்காலப் பதிவுக் கருவி தோளில் மாட்டிச் செல்லக்கூடியதல்ல. தட்டில் கீறும் கனத்த எந்திரத்தை வண்டியில் ஏற்றி நிறுத்தி, அங்கிருந்து நீண்ட கம்பிவடத்தை இழுத்துச் சென்று, பறவை வழக்கமாக அமரும் கிளையருகே ஒலிவாங்கியை வைக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். நாஜி நாட்டிலிருந்து தப்பி வந்த ஒருவர், தம் ஜெர்மானிய உச்சரிப்போடு, பிபிசியில் இங்கிலாந்து மக்களுக்கு அவர்கள் வீட்டு வேலியோரப் பறவைகளை அறிமுகப்படுத்தினார் என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி.

எனினும் காக் தேடியது இனங்களை, இடங்களை அல்ல. ஒரு பறவையின் குரல் தெளிவாகக் கிடைத்தால் அவருக்குப் போதும். பறவையியலுக்கான பதிவும் இடத்துக்கான பதிவும் இங்கேதான் பிரிகின்றன. குழிந்த கிண்ணம் போன்ற பரவளையத் தட்டின் குவியத்தில் ஒலிவாங்கியைப் பொருத்தினால் தொலைவிலுள்ள ஒரு பறவையின் குரல் பக்கத்தில் கேட்பதுபோல் வந்து சேரும், சுற்றுப்புறம் மங்கிவிடும். இனம் காண இது உதவும். பறவைக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள வெளி மட்டும் தொலைந்துபோகும். இடம் வேண்டுமென்றால் ஓடையின் தூரமும் மரங்களில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் வேண்டும். அதற்குத் தேவையான தொழில்நுட்பமும் இங்கிலாந்தில்தான் உருவானது. ஈ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளும்லின் 1931-இல் ஸ்டீரியோ ஒலிக்கு விண்ணப்பித்த காப்புரிமை, இரண்டு ஒலிவாங்கிகளைக் கொண்டு ஒலியின் திசையைப் பதியும் வழியைக் காட்டியது. 1935-இல் ஹேய்ஸ் நிலையத்தின் வழியே போகும் ரயில்களை அவர் சோதனைப் படமாகப் பதிந்தார். ரயில் போகும் திசை காதுக்குத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். 1970-களில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த கணிதவியலாளர் மைக்கேல் கெர்சன் முதலியோர் உருவாக்கிய ஆம்பிசோனிக்ஸ் முறை, கேட்பவரை நடுவில் வைத்து மேலும் கீழுமாக எல்லாத் திசைகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது.

கோட்பாடு வந்தது வெளியிலிருந்து. கனடா நாட்டு இசையமைப்பாளர் ஆர். மரே ஷேஃபர் ஒலிச்சூழல் என்ற கருத்தை வகுத்து, ஓர் ஊரின் ஓசைகளைப் பின்னணி ஒலி, அறிவிப்பு ஒலி, அடையாள ஒலி என்று பிரித்தார். 1975-இல் அவரது குழு ஐரோப்பாவில் ஐந்து கிராமங்களை ஆராய்ந்தது. அவற்றில் ஸ்காட்லாந்தின் டாலர் இருந்தது, இங்கிலாந்தின் ஊர் எதுவும் இல்லை. ஆனாலும் அவருடைய சொற்கள் இங்கிலாந்துக் கலைஞர்களிடையே விரைவில் பரவின.

இசைத்தட்டு வழியாக வந்தவர்கள் வேறு பாதையில் நடந்தனர். சஃபோக்கின் உட்பிரிட்ஜ் அருகே பிறந்த பிரையன் ஈனோ 1982-இல் வெளியிட்ட ‘ஆன் லேண்ட்’ தொகுப்பில் பல தலைப்புகள் இடப்பெயர்கள். ஒன்று டன்விச் கடற்கரையையும் 1960-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தையும் பெயரிலேயே கொண்டது. நடுக்காலத்தில் பெருந்துறைமுகமாக இருந்த டன்விச்சைக் கடல் சிறிது சிறிதாக அரித்துத் தின்றுவிட்டது. மூழ்கிய தேவாலயங்களின் மணி இன்னும் நீருக்கடியில் ஒலிக்கிறது என்பது அவ்வூர்க் கதை. ஈனோ தம் இளமைக்கால நிலத்தை அங்கே போய்ப் பதியவில்லை. கல், குச்சி போன்ற பொருள்களின் ஓசைகளையும் தவளை, பூச்சிகளின் குரல்களையும் கருவி ஒலியோடு கலந்து, அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி, நினைவிலுள்ள இடத்தைப் புதிதாகக் கட்டினார். அடுத்த ஆண்டு வெர்ஜினியா ஆஸ்ட்லி வெளியிட்ட தொகுப்பு இதற்கு நேர் எதிர். தேம்ஸ் கரையிலுள்ள மோல்ஸ்ஃபோர்டில் பதிந்த பறவைகளையும் தேவாலய மணியையும் பியானோவோடும் குழலோடும் சேர்த்து, காலையில் தொடங்கி ஒரு கோடை நாளைப் பின்தொடர்கிறது அது. கொஞ்சம் இனிப்பு கூடிய படைப்பு. ஆனால் பொழுதை மதித்துச் செய்தது. ஈனோவின் இடங்களில் பொழுதே இல்லை, என்றும் அந்தியாகவே இருக்கிறது. நினைவு அப்படித்தான் இருக்கும் என்று அவர் தரப்பில் சொல்லலாம்.

இத்துறையில் மிகுதியாகப் பேசப்படும் பெயர் கிறிஸ் வாட்சன். 1953-இல் ஷெஃபீல்டில் பிறந்தவர். மின்னிசைக் குழுவான கேபரே வால்டேரைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1981-இல் குழுவை விட்டு டைன் டீஸ் தொலைக்காட்சியில் ஒலிப்பதிவாளராகச் சேர்ந்தார். பின்னர் பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கத்தின் படப்பிரிவிலும், டேவிட் அட்டன்பரோவின் தொடர்களிலும் பணியாற்றினார். நாடாவை வெட்டி ஒட்டி இசை செய்த இளமைப் பயிற்சியும் காட்டில் அசையாமல் காத்திருக்கக் கற்ற தொழிற்பயிற்சியும் அவரிடம் சேர்ந்திருக்கின்றன. இவ்வகைப் பதிவில் முதல் வேலை பதிபவரை இடத்திலிருந்து அகற்றுவது. ஒலிவாங்கிகளைக் காற்றுத் தடுப்பு உறைக்குள் வைத்து மறைத்துவிட்டு, கம்பிவடத்தின் மறுமுனைக்கு விலகிப் போக வேண்டும். அல்லது கருவியை இரவு முழுதும் தனியே விட்டுவிட வேண்டும். மனிதர் நிற்கும் இடத்தில் பறவை நடந்துகொள்வது வேறு விதம். துணி உரசும் ஓசையும் மூச்சும் கூடப் பதிவைக் கெடுத்துவிடும்.

2013-இல் வந்த ‘இன் செயின்ட் கத்பர்ட்ஸ் டைம்’ அவருடைய இங்கிலாந்துப் படைப்புகளுள் ஆழமானது. அதன் களமான லிண்டிஸ்ஃபார்ன், நார்தம்பர்லாந்து கரையை ஒட்டிய ஓதத் தீவு. கரையோடு இணைக்கும் சாலை நாளுக்கு இருமுறை கடலுக்குள் மூழ்கிவிடும். 687-இல் இறந்த துறவி கத்பர்ட்டின் நினைவைப் போற்றும் வகையில், சுமார் 700-ஆம் ஆண்டை ஒட்டி அங்கு எழுதப்பட்டதுதான் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூல். அதை எழுதி வண்ணம் தீட்டியவர் ஆயர் ஈட்ஃபிரித் என்பது மரபு. லண்டனில் இருக்கும் அந்த நூல் 2013 கோடையில் டர்ஹமுக்குக் கொண்டுவரப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதையொட்டி வாட்சன் எடுத்துக்கொண்ட கேள்வி எளியது: எழுதிக்கொண்டிருந்த துறவியின் காதில் என்ன விழுந்திருக்கும்?

விடை நான்கு பருவங்களாக அமைந்தது. தலைப்புகள் பழைய ஆங்கிலத்தில் உள்ள பருவப் பெயர்கள். ஒவ்வொன்றும் கால் மணி நேர அளவு. குளிர்காலத்தில் வடதுருவப் பக்கத்து ஸ்வால்பார்டிலிருந்து வந்து தங்கும் பிரென்ட் வாத்துக் கூட்டங்கள், மணல்திட்டில் கிடந்து ஊளையிடும் சாம்பல்நிறக் கடல்நாய்கள், ஐடர் வாத்துகளின் வியப்புக் குரல். கத்பர்ட் இந்த வாத்துகளைக் காத்தார் என்ற மரபினால், வட்டார மக்கள் இன்றும் அவற்றை அவர் பெயரிட்டே அழைக்கிறார்கள். இளவேனில் வந்ததும் வானம்பாடி மேலேறுகிறது. சேற்றுநிலப் பறவைகளின் கூவல் நீள்கிறது. காற்றும் அலையும் நான்கிலும் உண்டு, ஆனால் நான்கிலும் ஒன்றுபோல் இல்லை. பருவம் மாறியதை எந்த அறிவிப்பும் இல்லாமலே காது கண்டுகொள்கிறது. துறவிகளின் நாளை வகுத்தது வழிபாட்டு மணி என்றால், அவர்களின் ஆண்டை வகுத்தது இந்தப் பறவைகளின் வரவும் போக்கும்தான் என்பது கேட்கக் கேட்கப் புரிகிறது.

இதில் ஒரு சங்கடமும் இருக்கிறது. பதிவானது இன்றைய தீவு. இன்று அங்கு வண்டிகள் வரும், விமானங்கள் கடக்கும், சுற்றுலாப் பயணிகள் ஆயிரக்கணக்கில் நடப்பார்கள். அவர்களை விலக்கித்தான் கத்பர்ட்டின் காலத்தைக் கேட்கச் செய்ய முடிகிறது. ஆகவே இந்தப் படைப்பு ஆவணமாகாது, வரலாற்றுப் புனைவு. தலைப்பே அதை ஒப்புக்கொள்வதால் குறை சொல்ல இடமில்லை. இந்த முறையைக் கைக்கொண்டு, தலைப்பில் எதையும் ஒப்புக்கொள்ளாமல், இங்கிலாந்து கிராமத்தையே மனிதரில்லாத பறவைத் தோட்டமாகக் காட்டும் பதிவுகள் பல உலவுகின்றன. மனிதரே அற்ற அந்தக் கிராமம் எந்த ஆண்டிலும் இருந்ததில்லை. வாட்சனே அதே 2013-இல் தம் சொந்த ஊரான ஷெஃபீல்டின் மில்லேனியம் காலரியில் வேறொரு படைப்பை வைத்தார். நகரைச் சூழ்ந்த மேட்டுநிலப் புல்வெளியும் ஆறுகளும் மட்டுமன்றி எஃகுத் தொழிலும் கூட்டமும் அதன் ஒலிவரைபடத்தில் இடம்பெற்றன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது நல்லது.

மேற்பரப்பில் கேட்காத ஓசைகளைத் தேடியவர்களும் உண்டு. லீ பேட்டர்சன் வடமேற்கு இங்கிலாந்தின் குட்டைகளில் நீரடி ஒலிவாங்கியை இறக்கினார். நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கையின்போது விடும் ஆக்சிஜன் குமிழிகளும், காலை உரசி ஒலியெழுப்பும் நீர்ப்பூச்சிகளும் அங்கே ஓர் ஆலையையே நடத்திக்கொண்டிருந்தன. ஜெஸ் ரைலி ஃபிரெஞ்ச் அதிர்வை உணரும் தொடு ஒலிவாங்கிகளைத் தாமே செய்து, வேலிக் கம்பி போன்றவற்றின் அதிர்வைப் பதிந்தார்.

பதிவே வேண்டாம், இடத்தையே ஒலிக்க வைக்கலாம் என்று எண்ணியவர்கள் இன்னொரு சாரார். போக்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த ஜெம் ஃபைனர் 2006-இல் கென்ட் பகுதியின் சாலக் ஊரருகே கிங்ஸ் வுட் என்ற காட்டில் ஆழமான குழி ஒன்றை வெட்டினார். அதனுள் வெவ்வேறு சுருதியில் ஒலிக்கும் உலோகக் கிண்ணங்கள். மேலிருந்து சொட்டும் நீர் அவற்றில் விழுந்து ஒலிக்க, மரங்களுக்கிடையே உயர்ந்து நிற்கும் எஃகுக் கொம்பு அந்த ஒலியை வெளியே கொண்டுவரும். ஜப்பானியத் தோட்டங்களில் தரைக்கடியில் புதைத்த சாடியில் நீர் சொட்ட வைக்கும் மரபிலிருந்து கிடைத்த எண்ணம் அது. மின்சாரம் இல்லை, கணினி இல்லை. மழை பெய்தால் இசை மிகும், வறண்டால் மெலியும். கேட்க வருபவர் காட்டுக்குள் நடந்து வந்து, நின்று, பொறுக்க வேண்டும். வேறெங்கோ பதிந்ததை இங்கே ஒலிக்கவிடும் படைப்புகளைவிட இது ஒரு படி மேல் என்றே சொல்லத் தோன்றுகிறது: அந்த மண்ணில் அந்த வாரம் பெய்த மழைதான் அங்கே கேட்பது.

காற்றை நம்பியவை அதிகம். லங்காஷயரில் பர்ன்லி நகரைப் பார்த்த குன்றின்மேல் 2006-இல் டாங்கின் லியூ கட்டடக் கலைஞர்கள் எழுப்பிய ‘சிங்கிங் ரிங்கிங் ட்ரீ’, துத்தநாகம் பூசிய எஃகுக் குழாய்களை அடுக்கிய மூன்று மீட்டர் உயர மரம். காற்றின் பக்கம் சாய்ந்த மரம்போல் இருக்கும். மேட்டுநிலக் காற்று குழாய்களில் நுழைந்து பல சுருதிகளில் தாழ்ந்து முனகும். கடலை நம்பியவற்றுள் பிளாக்பூலின் கடற்கரை நடைபாதையில் 2002-இல் அமைந்த ஓத ஆர்கன் ஒன்று. அலை ஏறும்போது கடற்சுவரடியிலுள்ள குழாய்களில் காற்று அழுந்தி மேலேறி, பதினைந்து மீட்டர் உயரச் சிற்பத்திலுள்ள ஆர்கன் குழல்களை ஒலிக்கச் செய்யும்படி அது வடிவமைக்கப்பட்டது. மார்கஸ் வெர்ஜெட்டின் ஓத மணிகள் இதிலும் எளியவை. 2009-இல் டெவனின் ஆப்பிள்டோரில் முதல் மணி தொங்கவிடப்பட்டது. பின்னர் லண்டனின் டிரினிட்டி போய் வார்ஃப் உள்ளிட்ட இடங்களிலும் பிரிட்டனின் பிற கரைகளிலும் மணிகள் சேர்ந்தன. நீர் ஏறி மணியின் நாவைத் தள்ளும்போது மட்டும் அது ஒலிக்கும். உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்து வருவதால், ஆண்டுகள் செல்லச் செல்ல அடிக்கும் நேரமும் முறையும் மாறும். இங்கே கேட்க வருபவர்கள் முதலில் ஓத அட்டவணையைப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

நிலத்தில் புதைந்த வேறு வரலாறுகளையும் ஒலி தோண்டி எடுக்கிறது. கென்ட் கரையில் டெஞ்ச் என்னுமிடத்தில் 1928-க்கும் 1930-க்கும் இடையில் கட்டிய மூன்று கான்கிரீட் ஒலிக் கண்ணாடிகள் நிற்கின்றன. இரண்டு குழிந்த வட்டங்கள்; மூன்றாவது 61 மீட்டர் நீள வளைந்த சுவர். கடலுக்கு அப்பாலிருந்து வரும் பகை விமானத்தின் ஓசையைக் குவித்து முன்கூட்டியே அறிவது அவற்றின் வேலை. விமானங்கள் வேகம் கூடின, 1930-களின் நடுவில் ரேடார் வந்தது, கண்ணாடிகள் பயனற்றுப் போயின. கலைக்காகக் கட்டப்படாத இவை, ஒரு நாடு தன் கரையில் காதை நட்டுவைத்துக் காத்திருந்ததற்குச் சான்றாக, ஒலிக்கலைஞர்களைத் தொடர்ந்து ஈர்க்கின்றன. அணுகுண்டின் பாகங்கள் சோதிக்கப்பட்ட சஃபோக்கின் ஆர்ஃபோர்ட் நெஸ்ஸில் 2005-இல் லூயிஸ் கே. வில்சன் செய்த ‘எ ரெக்கார்ட் ஆஃப் ஃபியர்’ கைவிடப்பட்ட சோதனைக் கூடங்களின் எதிரொலியையே பொருளாகக் கொண்டது.

இவற்றுக்கெல்லாம் பெரிது 2013 ஜூன் 22 அன்று சௌத் ஷீல்ட்ஸ் அருகே சூட்டர் கலங்கரை விளக்கத்தில் நடந்த ‘ஃபாக்ஹார்ன் ரெக்வியம்’. லிஸ் ஆட்டோஜினாவும் ஜோஷுவா போர்ட்வேயும் உருவாக்க, ஆர்லாண்டோ காஃப் இசையமைத்தார். பாறைமுகட்டில் மூன்று பித்தளைக் குழல் இசைக்குழுக்கள், கடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள், நடுவில் கலங்கரையின் மூடுபனிச் சங்கு. சுரங்கத் தொழிலாளர் ஊர்களில் பித்தளைக் குழல் இசை எத்தனை வேரூன்றியது என்பதை அறிந்தவர்களுக்கு இந்தச் சேர்க்கையின் பொருத்தம் புரியும். சிக்கல் தூரத்தில் இருந்தது. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மூன்று கி.மீ. தள்ளி நிற்கும் கப்பல் ஊதும் ஒலி கரைக்கு வர ஏறத்தாழ ஒன்பது வினாடி ஆகும். ஒவ்வொரு கப்பலும் இருக்கும் தூரத்தைக் கணக்கிட்டு, கரையில் நிற்பவர் காதில் தாளம் பிசகாமல் சேரும்படி, கப்பல்களின் ஊதுகொம்புகளை முன்கூட்டியே இயக்கும் கருவியைச் செய்தார்கள். கடலின் அகலமே அங்கு இசைக்குறிப்பின் ஒரு பகுதியானது. மூடுபனிச் சங்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்துவந்த கரையோரத்தில், அந்த ஒலியோடு வளர்ந்த மக்களே பார்வையாளராகக் கூடினார்கள்.

கேட்பவரையே படைப்பாளி ஆக்கிய முயற்சிகளில் பீட்டர் கியூசாக் 1998-இல் தொடங்கியது முக்கியமானது. லண்டன் மக்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: உங்களுக்குப் பிடித்த லண்டன் ஓசை எது, ஏன்? பிக் பென் மணியும் சுரங்க ரயில் அறிவிப்பும் எதிர்பார்த்த விடைகள். அவற்றோடு வீட்டுக்குள்ளும் தெருமுனையிலும் மட்டுமே கேட்கும், வேறொருவருக்கு ஒன்றும் சொல்லாத ஓசைகளும் வந்தன. அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம். அதற்கு வந்த பதில்களில் ஓசையைவிட வாழ்க்கை மிகுதி. 2010-இல் பிரிட்டிஷ் நூலகம் தொடங்கிய ஒலிவரைபடத்துக்குப் பொதுமக்கள் கைப்பேசியில் பதிந்து அனுப்பியவை சுமார் 2,000. 2015-இல் நேஷனல் டிரஸ்டும் அந்நூலகமும் சேர்ந்து கடற்கரை ஓசைகளைத் திரட்டின. அவற்றிலிருந்து ஷெஃபீல்டுக்காரரான மார்ட்டின் வேர் ஒரு படைப்பைச் செய்தார். இத்தகைய திரட்டுகளில் கலைநயம் சீராக இராது. பலருடைய பதிவில் காற்று ஒலிவாங்கியை அறைவதே பெரும்பகுதி. ஆனாலும் எந்தக் கலைஞரும் போய் நிற்காத பேருந்து நிறுத்தங்களும் மீன்சந்தைகளும் அவற்றில்தான் இருக்கின்றன.

பதிந்தவை பதிந்த இடத்தில் இல்லாமல் போவதும் நிகழ்கிறது. பிரிட்டனில் நைட்டிங்கேலின் தொகை கடந்த அரை நூற்றாண்டில் பத்தில் ஒன்பது பங்கு குறைந்துவிட்டது. அடர்ந்த புதர்க்காடுகள் குறைந்ததும் மான்கள் பெருகிக் கீழ்த்தழையை மேய்ந்துவிடுவதும் காரணங்களுள் அடங்கும். 2019-இல் பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் மனிதக் குரலே இல்லாத பறவைப் பாட்டுத் தொகுப்பொன்றை விற்பனைக்கு விட, அது பிரிட்டனின் பாடல் விற்பனைப் பட்டியலில் பதினெட்டாம் இடம்வரை ஏறியது. விழிப்புணர்வுக்கு நல்லது. ஆனால் அந்தத் தொகுப்பில் பறவைகள் உண்டு, ஊர் இல்லை. காக்கின் வழிதான் அது.

காட்டுயிர் ஒலிகளுக்கென 1969-இல் அமைக்கப்பட்ட தொகுப்பு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தின் ஒலிக் காப்பகத்தில் உள்ளது. மெழுகு உருளை, தட்டு, காந்த நாடா எல்லாம் தேய்பவை. அவற்றை இயக்கும் எந்திரங்களும் அருகி வருகின்றன. அதனால் 2017 முதல் 2022 வரை தேசிய லாட்டரி நிதியுதவியோடு இலட்சக்கணக்கான பதிவுகள் எண்ணிம வடிவுக்கு மாற்றப்பட்டன. ஒரு பதிவு பயன்பட வேண்டுமானால் அதனுடன் குறிப்பும் வேண்டும் என்பது காப்பகத்தாரின் பழைய வற்புறுத்தல்: இடம், நாள், மணி, காற்று, ஒலிவாங்கியின் வகை, பதிந்தவர் பெயர். கடற்கரை என்றால் ஓதத்தின் நிலையும். கலைஞர்கள் பலர் இதை அலுவலகச் சடங்காகக் கருதிப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். கள ஆய்வாளர்கள் விடுவதில்லை. பல பதிவுகளில், பேசத் தொடங்கும் ஒலிப்பதிவாளரின் குரலே அந்தக் குறிப்பாக அமைந்திருக்கிறது. இருமிவிட்டு, ஊரையும் தேதியையும் சொல்லிவிட்டு, அவர் ஒதுங்கிக்கொள்கிறார்.